தரவுத்தள அமைப்புகள்: கல்லூரி அறிமுகப் பாடம்

தரவுத்தள அமைப்புகள் என்பது கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புகளில் பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் நடத்தப்படும் பாடம். மாணவர் பேச்சில் இது ‘டிபிஎம்எஸ்’. பெருந்தொகையான தரவை எப்படி வடிவமைத்து வைப்பது, அதிலிருந்து வேண்டியதை எப்படிக் கேட்டுப் பெறுவது, ஒரே நேரத்தில் பலர் கைவைத்தாலும் நடுவில் மின்சாரம் போனாலும் அதை எப்படிக் கெடாமல் காப்பது ஆகிய மூன்றும் இதன் பொருள். பெயர் ஒன்றுதான் என்றாலும் உள்ளே இருப்பவை இரண்டு பாடங்கள். தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோருக்கானது ஒன்று. அதைக் கட்டுவோருக்கானது மற்றொன்று. எந்தப் பாதிக்கு எத்தனை வாரம் ஒதுக்கப்படுகிறது என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி இப்பாடம் வேறுபடுகிறது.

பின்னணி

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் 1960-களின் தொடக்கத்தில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ், தரவுத்தள மேலாண்மை அமைப்பு என்று சொல்லத்தக்க முன்னோடிகளுள் ஒன்று. அதே பத்தாண்டில், அப்பல்லோ விண்கலத்தின் உதிரிபாகப் பட்டியலைக் கையாளும் தேவையிலிருந்து ஐபிஎம் நிறுவனத்தின் ஐஎம்எஸ் பிறந்தது. இவை வேகமானவைதாம். ஆனால் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குப் போகும் வழி நிரல் எழுதுபவரின் தலையில் இருந்தாக வேண்டும். கோப்பின் அடுக்குமுறையை மாற்றினால் அதை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். 1973-இல் டூரிங் விருதை ஏற்றுப் பேசிய பாக்மன், நிரலரை வழிகாணும் மாலுமியாகவே உருவகித்தார். அது பெருமையாகச் சொல்லப்பட்டது.

அந்தப் பெருமையைத் தேவையற்றதாக ஆக்கும் கட்டுரை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயக் கணிதர் எட்கர் காட், 1970 ஜூன் மாத ‘கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்’ இதழில் 11 பக்கக் கட்டுரை ஒன்றை எழுதினார். தரவு இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பயனர் அறிய வேண்டிய கட்டாயம் இருக்கக்கூடாது என்பதே அதன் முதல் வாதம். எல்லாவற்றையும் அட்டவணைகளாகப் பார். எந்தத் தரவு வேண்டும் என்று மட்டும் சொல். எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் கவலை. இன்று இது சாதாரணமாகத் தோன்றும். அன்று இது நடைமுறைக்கு ஒவ்வாத கணித விளையாட்டு என்று பலர் கருதினர். ஐஎம்எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்ததால் ஐபிஎம்மும் அவசரப்படவில்லை. சான் ஹோசேயின் சிஸ்டம் ஆர் திட்டமும், பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் தொடங்கிய இங்க்ரஸ் திட்டமும் அந்த ஐயத்தை 1970-களில் தீர்த்தன. ஆனால் சந்தைக்கு முந்திக்கொண்டது ஐபிஎம் அல்ல, 1979-இல் ஆரக்கிள்.

காட் 1981-இலும், பரிவர்த்தனைக் கோட்பாட்டுக்காக ஜிம் கிரே 1998-இலும், ஸ்டோன்பிரேக்கர் 2014-இலும் டூரிங் விருது பெற்றனர். அறிமுகப் பாடத்தின் பெரும்பகுதி இந்த மூவர் காலத்து முடிவுகளே. முதல் பாதி, ‘எது வேண்டும்’ என்பதை ‘எப்படி எடுப்பது’ என்பதிலிருந்து காட் பிரித்ததன் அறுவடை. அந்தப் பிரிப்பால் இயந்திரத்தின் தலையில் விழுந்த சுமையைச் சொல்வது இரண்டாம் பாதி.

பாடத்திட்டமும் நூல்களும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் இப்பாடம் ஐந்து அலகுகளாக உள்ளது: உறவுநிலைத் தரவுத்தளங்கள் (காட் சொன்ன அட்டவணை வகை), வடிவமைப்பு, பரிவர்த்தனை, செயலாக்க உத்திகள், மேம்பட்ட தலைப்புகள். தனியே ஓர் ஆய்வகப் பாடமும் உண்டு. கேட் தேர்வின் கணினி அறிவியல் தாளிலும் ஏறத்தாழ இதே எல்லைதான். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கட்டுவோருக்கான பாதியே முதன்மை. அங்கே மாணவர்கள் ‘பஸ்டப்’ என்ற பயிற்சி அமைப்பின் உள்ளுறுப்புகளை சி++ மொழியில் தாங்களே எழுதுகிறார்கள். வினவல் மொழி ஓரிரு வகுப்புகளில் முடிந்துவிடும். ஸ்டான்ஃபோர்டின் ஜெனிஃபர் விடம் 2011-இல் இணையத்தில் திறந்துவிட்ட பாடம் மறுபக்கம் நின்றது: வடிவமைப்பும் வினவலும் முதன்மை. திறந்தநிலை இணையப் பாட அலையைத் தொடங்கிவைத்த மூன்று பாடங்களில் அது ஒன்று. மற்ற இரண்டும் செயற்கை நுண்ணறிவும் எந்திரக் கற்றலும்.

இப்பாடத்தைப் படித்தவர் எந்த நூலில் படித்தார் என்பதை அவர் சொல்லும் எடுத்துக்காட்டிலேயே கண்டுகொள்ளலாம். வழங்குநர்களும் உதிரிபாகங்களும் என்றால் அவர் கிறிஸ் டேட்டின் வாசகர். அந்நூலின் முதல் பதிப்பு 1975. ஊழியர், துறை, திட்டம் என்று ஒரு கம்பெனியை விரித்தால் எல்மஸ்ரி – நவாதே. மாலுமிகள் படகுகளை முன்பதிவு செய்தால் ரகு ராமகிருஷ்ணன் – கெர்க்கே. தமிழ்நாட்டில் மிகுதியாகப் புழங்கும் சில்பர்ஷாட்ஸ் – கோர்த் – சுதர்சன் நூல் நெடுங்காலம் வங்கிக் கிளைகளையும் கடன்களையும் வைத்துப் பாடம் நடத்தியது. பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. மாற்றம் நல்லதே. பெரும்பாலான மாணவர் கடன் வாங்கியதில்லை; பாடத்துக்குப் பதிவு செய்யாதவர் ஒருவரும் இல்லை. ராமகிருஷ்ணன், சுதர்சன் இருவருமே சென்னை ஐஐடியில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள்.

வடிவமைப்பும் இயல்பாக்கமும்

வடிவமைப்பு பெரும்பாலும் படத்தில் தொடங்கும். 1976-இல் பீட்டர் சென் முன்வைத்த ஈ-ஆர் வரைபடத்தில் பொருள்கள் செவ்வகம், அவற்றுக்கிடையிலான உறவுகள் சாய்சதுரம், பண்புகள் நீள்வட்டம். இதில் கடினமானது வரைவதல்ல, கேட்பது. ஒரு மாணவர் ஒரே பாடத்தை இரண்டு முறை எழுதலாமா? ஒரு பாடத்தை இருவர் சேர்ந்து நடத்தலாமா? இந்தக் கேள்விகளுக்குக் கல்லூரி அலுவலகம்தான் பதில் சொல்ல முடியும், பாடநூல் அல்ல.

அடுத்தது இயல்பாக்கம், அதாவது ஒரே செய்தி பல இடங்களில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிப்பது. தேர்வுத்துறை ஒரே அட்டவணையில் பதிவெண், மாணவர் பெயர், பாடக் குறியீடு, பாடப் பெயர், ஆசிரியர், ஆசிரியரின் அறை, மதிப்பெண் ஆகிய அனைத்தையும் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர்தான். ஆசிரியர் அறை மாறினால், அவரிடம் படிக்கும் 60 பேருக்கும் உரிய 60 வரிசைகளைத் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அவருக்கு இரண்டு அறை. யாரும் சேராத புதிய பாடத்தைப் பதிவெண் இல்லாமல் உள்ளிடவே முடியாது. ஒரு பாடத்தில் இருந்த ஒரே மாணவர் விலகி அவர் வரிசையை அழித்தால், அப்படியொரு பாடம் இருந்த செய்தியும் சேர்ந்து அழியும்.

காரணம் எளிது. பதிவெண்ணும் பாடக் குறியீடும் சேர்ந்ததுதான் இங்கே ஒரு வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ. ஆனால் மாணவர் பெயரைச் சொல்லப் பதிவெண் மட்டுமே போதும்; கீயின் ஒரு துண்டை மட்டும் நம்பியிருக்கும் இந்தப் பிழையை நீக்கினால் இரண்டாம் இயல்பு வடிவம். ஆசிரியரின் அறை கீயை நேராக நம்பவில்லை, ஆசிரியர் வழியாகச் சுற்றி வருகிறது. இதையும் நீக்கினால் மூன்றாம் வடிவம். மாணவர், பாடம், ஆசிரியர், மதிப்பெண் என நான்கு அட்டவணைகள் கிடைக்கும். அறை ஓரிடத்தில் மட்டும் இருக்கும்.

மூன்றாவதையும் தாண்டிய பாய்ஸ் – காட் வடிவத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாடம்தான் நடத்துவார், ஆனால் ஒரு பாடத்துக்குப் பல ஆசிரியர் உண்டு, மாணவருக்கு ஒரு பாடத்தில் ஓர் ஆசிரியர்தான் என்று வைத்துக்கொண்டால், அட்டவணையைப் பிரித்து மிகைத் தரவை ஒழித்துவிடலாம். ஆனால் ‘ஒரு மாணவருக்கு ஒரு பாடத்தில் ஓர் ஆசிரியர்’ என்ற கடைசி விதியை எந்தவோர் அட்டவணையும் தனியாகச் சரிபார்க்க முடியாமல் போகும். ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே தீரவேண்டிய இடம் இது. இந்தப் பருவத்தில் மாணவர் சந்திக்கும் முதல் உண்மையான வடிவமைப்பு முடிவும் இதுவே.

வருத்தம் என்னவென்றால் தேர்வுத்தாளில் இந்தக் கதை எதுவும் இருக்காது. ஏ, பி, சி, டி என்று எழுத்துகளும் நடுவே அம்புக்குறிகளும் வரும். கீயைக் கண்டுபிடி, எந்த வடிவம் என்று சொல் என்பார்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் இருக்கலாம் என்ற நினைப்பே இல்லாமல் முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும்.

வினவல் மொழி

1974-இல் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ‘சீக்வல்’ என்ற பெயரில் முன்வைத்த மொழி, வணிகச்சின்னச் சிக்கலால் எழுத்துகளை இழந்து ‘எஸ்க்யூஎல்’ ஆனது. பாய்ஸ் அதே ஆண்டில் இளவயதிலேயே காலமானார். 1986-இல் இது அமெரிக்கத் தர வரையறையானது. வகுப்பில் பொதுவாக இதற்கு முன்னோடியாக உறவுநிலை இயற்கணிதம் சொல்லித்தரப்படும்: வரிசைகளைத் தேர்வது, நெடுவரிசைகளைத் தேர்வது, இரண்டு அட்டவணைகளைப் பொது மதிப்பு வழியே இணைப்பது (ஜாயின்). சிக்மா, பை குறிகளைக் கண்டு மிரள்வோர் உண்டு. ஆனால் ஒரு வினவலைப் பல வழிகளில் எழுதலாம், எல்லாம் ஒரே விடையைத் தரும் என்பதை நிறுவ அந்த இயற்கணிதத்தை விட்டால் வேறு வழியில்லை.

ஆய்வகங்களில் தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருப்பவை ஆரக்கிளின் மாதிரி அட்டவணைகளான எம்ப், டெப்ட். நுழையும் பெயர் ஸ்காட். அவர் ஆரக்கிளின் தொடக்ககால ஊழியர். கடவுச்சொல் டைகர், அது அவர் வீட்டுப் பூனையின் பெயர். ஊழியர் 14 பேர், துறைகள் நான்கு. ஒவ்வொரு ஊழியரின் பெயரோடு அவருடைய மேலாளர் பெயரையும் பட்டியலிடு என்பது ரெக்கார்டு நோட்டில் தவறாமல் இருக்கும் பயிற்சி. எம்ப் அட்டவணையை அதனுடனேயே ஜாயின் செய்தால் 13 வரிசைகள் வரும். காணாமல் போனவர் கிங். அவர் நிறுவனத் தலைவர். அவருக்கு மேலாளர் இல்லை, அந்தக் கட்டம் நல் ஆக இருக்கிறது. இணை கிடைக்காத வரிசையையும் விடாமல் வைத்திருக்கும் அவுட்டர் ஜாயின் போட்டால்தான் 14-ஆவது ஆள் திரும்பி வருவார். டெப்ட் அட்டவணையில் பாஸ்டன் துறை ஊழியரே இல்லாமல் கிடப்பதும் இதே பாடத்துக்காகத்தான் என்று தோன்றும்.

நல் தரும் தொல்லை இதோடு முடிவதில்லை. நல் என்பது சுழியமுமல்ல, வெற்றுச்சொல்லும் அல்ல. தெரியாது என்பதன் குறி. அதனால் ஒப்பீட்டின் விடை உண்மை, பொய் என்ற இரண்டோடு நிற்காமல், ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவதும் வரும். யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர் யார் யார் என்று ‘நாட் இன்’ கொண்டு கேட்டுப் பாருங்கள்: மேலாளர் பட்டியலில் கிங்கின் வரிசையிலிருந்து வந்த ஒரே ஒரு நல் இருப்பதால், விடை ஒருவருமில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது. வைவாவில் கேட்க இதைவிடச் சிறந்த கேள்வி இல்லை.

இயந்திரத்தின் உள்ளே

‘எப்படி’ என்பதை நிரலரிடமிருந்து பறித்தாயிற்று; இனி அதை யாராவது செய்ய வேண்டுமே. வட்டில் தரவு பக்கம் பக்கமாக இருக்கும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஒரு பக்கம் இயல்பாக 8 கிலோபைட், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி சேமிப்பு எந்திரத்தில் 16. ஒரு பதிவுக்காக எல்லாப் பக்கங்களையும் புரட்டாமலிருக்க இண்டெக்ஸ் வேண்டும். போயிங் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் 1970 வாக்கில் வகுத்த பி-மரமும் அதன் மாற்றுருவான பி-பிளஸ் மரமும் இங்கே வருகின்றன. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் அழகு புரியும். ஒரு கணுவிலிருந்து 200 கிளைகள் என்றால், மூன்றே அடுக்கில் 200 × 200 × 200, அதாவது 80 இலட்சம் பதிவுகள். மேல் அடுக்குகள் எப்படியும் நினைவகத்தில் இருக்குமென்பதால் வட்டைத் தொடுவது ஓரிரு முறைதான்.

பல அட்டவணைகளை ஜாயின் செய்யும்போது எதை முதலில் எடுப்பது என்பது அடுத்த கேள்வி. பத்து அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க 36,28,800 வரிசைமுறைகள் உண்டு. சிஸ்டம் ஆர் குழுவின் பாட்ரிசியா செலிங்கரும் உடன்பணியாளர்களும் 1979-இல் எழுதிய கட்டுரை, அட்டவணைகளின் அளவு, இண்டெக்ஸில் உள்ள வேறுபட்ட மதிப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு செலவை மதிப்பிட்டுச் சிறந்த திட்டத்தைத் தேரும் முறையைத் தந்தது. இன்றைய ஆப்டிமைசர்கள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. பல கல்லூரிகளில் இந்த அலகைப் பருவக் கடைசியில் ஓட்டமாக முடித்துவிடுகிறார்கள். வேலைக்குப் போன முதல் ஆண்டில், மெதுவாக ஓடும் வினவல் ஒன்றின் முன் உட்காரும்போது தேவைப்படுவது இதுதான்.

பரிவர்த்தனையும் மீட்பும்

பேருந்து முன்பதிவில் 12-ஆம் இருக்கை காலியாக இருக்கிறது. மதுரையில் ஒருவரும் சேலத்தில் ஒருவரும் ஒரே கணத்தில் பார்க்கிறார்கள். இருவர் திரையிலும் காலி. இருவர் நிரலும் ‘காலிதான்’ என்று உறுதிசெய்துகொண்டு விற்றதாக எழுதுகின்றன. இரண்டாவதாக எழுதியது முதலாவதை மூடிவிடுகிறது. பணம் இருவரிடமும் வாங்கியாயிற்று. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே சோதித்தால் பிழையே தெரியாது.

இதைத் தடுக்கும் கருவி பரிவர்த்தனை: பல செயல்களை ஒன்றாகக் கட்டி, முழுதாக நடக்கட்டும் அல்லது நடக்காததாகவே ஆகட்டும் என்று சொல்வது. அதன் நான்கு பண்புகளுக்கு ‘ஆசிட்’ என்ற சுருக்கப் பெயரை 1983-இல் தியோ ஹெர்டரும் ஆண்ட்ரியாஸ் ராய்ட்டரும் சூட்டினர். ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியிருந்தால் வந்திருக்கும் விளைவையே தர வேண்டும் என்பது அடிப்படை அளவுகோல். ஈஸ்வரன், கிரே, லோரி, டிரைகர் ஆகியோர் 1976-இல் வெளியிட்ட இருகட்டப் பூட்டு முறை அதை அடையும் ஒரு வழி: பூட்டுகளை வாங்கிக்கொண்டே போ, ஒன்றை விடத் தொடங்கிவிட்டால் புதிதாக எதையும் வாங்காதே. விலையும் உண்டு. இருவர் ஒருவர் மற்றவரின் பூட்டுக்காகக் காத்து நின்றுவிட்டால் டெட்லாக். ஒருவரை அமைப்பே வெளியேற்றியாக வேண்டும்.

பாடநூல் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. இந்த முழுமையான பாதுகாப்பு, புழக்கத்தில் உள்ள பல தரவுத்தளங்களில் கேட்டால்தான் கிடைக்கும். ஆரக்கிளும் போஸ்ட்கிரஸும் ‘ரீட் கமிட்டெட்’ என்ற தளர்ந்த நிலையில்தான் இயல்பாக ஓடுகின்றன. அந்நிலையில், படித்துப் பார்த்துவிட்டு எழுதும் மேற்படி இருக்கைக் குளறுபடி தாராளமாக நடக்கும். படிக்கும்போதே அந்த வரிசையைப் பூட்டிக்கொள்ள வேண்டும்; அல்லது எழுதும் கட்டளையிலேயே ‘இன்னும் காலியாக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

மின்சாரம் போய் வந்தபின் நடப்பது மீட்பு. எந்த மாற்றமும் தரவுப் பக்கத்தில் எழுதப்படுவதற்கு முன் லாக் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. மீண்டும் இயங்கும்போது அந்த லாக்கைப் படித்து, நிலைமையைக் கணித்து, நடந்ததையெல்லாம் மீண்டும் செய்து, முடியாமல் நின்ற பரிவர்த்தனைகளை மட்டும் பின்னோக்கி அழிக்கும் முறைக்கு ‘ஏரிஸ்’ என்று பெயர். 1992-இல் வெளியான அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஐபிஎம்மின் சி. மோகன், சென்னை ஐஐடியில் வேதிப்பொறியியல் படித்தவர். அழிக்கப்போவதையும் ஏன் முதலில் மீண்டும் செய்ய வேண்டும் என்பது ஏரிஸ் பற்றி எல்லா வகுப்பிலும் எழும் ஐயம். விபத்துக் கணத்தில் இருந்த நிலையை அப்படியே மீட்டெடுத்தால், அதன்பின் செய்ய வேண்டிய அழிப்பு வழக்கமான ரத்துப்போலவே ஆகிவிடுகிறது. தனி விதிகள் தேவைப்படுவதில்லை.

ஆய்வகமும் விடுபடல்களும்

பருவ முடிவில் மினி புராஜெக்ட் உண்டு. நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, விடுதி மேலாண்மை என்று தலைப்புகள் ஆண்டுதோறும் சுற்றிவரும். பிஎச்பி–மைஎஸ்க்யூஎல் இணை இன்னும் ஓயவில்லை. இவற்றில் பல, பயனர் தட்டச்சிட்டதை அப்படியே வினவலோடு ஒட்டி அனுப்புகின்றன. மேற்கோள்குறியை உள்ளே நுழைத்து வினவலையே மாற்றிவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் தாக்குதலுக்கு இது திறந்த கதவு. மதிப்புகளைத் தனியே கட்டி அனுப்பும் முறை அரை மணி நேரத்தில் கற்கக்கூடியது. அதைக் கட்டாயமாக்காத ஆய்வகக் கையேட்டை முழுமையானது என்று சொல்ல முடியாது.

கூகுளின் பிக்டேபிள் (2006), அமேசானின் டைனமோ (2007) கட்டுரைகளுக்குப்பின் பரவிய, உறவுநிலை மாதிரியைப் பின்பற்றாத நோஎஸ்க்யூஎல் வகைகள் கடைசி அலகில் தலைகாட்டுகின்றன. ஒரு பருவத்தில் அவற்றுக்கு நியாயம் செய்ய நேரமிருப்பதில்லை.

பள்ளியிலும் தமிழிலும்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் தரவுத்தளக் கருத்துருக்களும் வினவல் மொழியும், பைதான் வழியாக எஸ்க்யூலைட்டைக் கையாளுவதும் உள்ளன. இலங்கையின் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்திலும் தரவுத்தளம் ஓர் அலகு. அங்கே மேலாண்மைக்கு ‘முகாமைத்துவம்’. எனவே கல்லூரியில் நுழையும் தமிழ்வழி மாணவர் பலருக்கு இது முற்றிலும் புதிதல்ல.

பாடநூல்கள் தமிழ்த் தரவைப் பற்றிப் பேசுவதில்லை. எல்மஸ்ரி – நவாதேயின் ஊழியர் அட்டவணை முதற்பெயர், நடு எழுத்து, குடும்பப்பெயர், சமூகப் பாதுகாப்பு எண் என்று தொடங்கும். தலைப்பெழுத்தும் பெயரும் மட்டுமே உடையவர் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எதை நிரப்புவார்? இந்தக் கட்டாயம் எஸ். சுதர்சனுக்கும் சி. மோகனுக்குமே பொருந்தாது. முழுப்பெயருக்கு ஒரே நெடுவரிசை, தேவையானால் தலைப்பெழுத்துக்கு ஒன்று என்பதே இங்கு ஏற்றது. அதுபோல் சமூகப் பாதுகாப்பு எண்ணின் இடத்தில் ஆதாரை பிரைமரி கீயாக வைப்பதும் தவறான பழக்கம்; பிறரிடம் காட்டக்கூடாத எண் எல்லா அட்டவணைகளிலும் அதைச் சுட்டும் ஃபாரின் கீயாகப் பரவிவிடும்.

நீளத்திலும் கவனம் வேண்டும். ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் ஐந்து குறியெண்கள். யுடிஎஃப்-8-இல் 15 பைட். மைஎஸ்க்யூஎல்லில் லெங்த் என்று கேட்டால் 15 வரும், கேர்-லெங்த் என்று கேட்டால் 5. மூன்று என்ற விடையை இரண்டுமே தராது. நெடுவரிசையின் அளவை பைட்டில் வரையறுத்துவிட்டால் தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும், அல்லது ஏற்கப்படாமல் திரும்பும்.

அகரவரிசையிலும் இதே தொல்லை. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியெண் வரிசையிலேயே ஆர்டர் பை செய்தால் அன்பரசன் முன்னும் அமுதா பின்னும் வருவார்கள்; தமிழ் நெடுங்கணக்கின்படி மகரம் முந்தியது, அமுதாதான் முதலில். போஸ்ட்கிரஸில் ஐசியு நூலகத்தின் தமிழ்க் கொலேஷனை, அதாவது அகரவரிசை விதியை, குறிப்பிட்டால் பட்டியல் சரியாக வரும். பெயர் நெடுவரிசையின் இண்டெக்ஸையும் அதே கொலேஷனில் அமைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசைப்படுத்த அந்த இண்டெக்ஸ் உதவாது, ஒவ்வொரு முறையும் பட்டியல் புதிதாகவே அடுக்கப்படும்.